பிள்ளைகளின் முகத்தை அளக்க வேண்டாம்: பள்ளித் தாளாளர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களே, தலைமையாசிரியப் பெருமக்களே,

வணக்கம். ஸ்மார்ட் போர்டு விற்க உங்கள் அலுவலகத்துக்கு வந்து போனவர்கள் இப்போது புதிதாக ஒன்றைக் கொண்டு வருகிறார்கள். வகுப்பறைக் கேமராவோடு அவர்களுடைய மென்பொருளை இணைத்தால் போதுமாம். எந்தப் பிள்ளை கவனிக்கிறது, எது சலித்துப் போயிருக்கிறது, எது மனம் வாடி உட்கார்ந்திருக்கிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் உங்கள் மேசைக் கணினியில் தெரியுமாம். அதோடு சேர்த்து இன்னொரு மென்பொருளும் தருகிறார்கள். பிள்ளைகள் எழுதும் பயிற்சி விடைகளைப் பார்த்து, யார் எந்தப் பாடத்தில் எங்கே தடுமாறுகிறார், தேர்வில் எங்கே சறுக்குவார் என்று அது முன்கூட்டிச் சொல்லும். இரண்டையும் ஒரே விலைப்பட்டியலில் 'ஏஐ' (செயற்கை நுண்ணறிவு) என்ற ஒரே பெயரில் போட்டுத் தருகிறார்கள்.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடைகளைப் பார்த்துக் கணிக்கும் மென்பொருளைத் தேவையென்றால் நிபந்தனைகளோடு வாங்குங்கள். முகத்தைப் பார்த்து மனதைச் சொல்வதாகக் கூறும் மென்பொருளை வாங்காதீர்கள், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

நான் பல ஆண்டுகள் கணித ஆசிரியராக இருந்தவன். பிறகு, மாணவர் விடைகளை வைத்துப் பயிற்சி வினாக்களைத் தேர்ந்து கொடுக்கும் மென்பொருள் ஒன்றுக்கு வினா வங்கி தயாரிக்கும் பணியில் இருந்தேன். தரவுகளைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் இயந்திரக் கற்றல் வகுப்பறைக்கு வரவே கூடாது என்று நினைப்பவன் அல்லன். அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று அருகில் இருந்து பார்த்திருப்பதால்தான் இந்த மடல்.

முதலில், கற்றலைக் கணிப்பது எப்படி என்று பார்ப்போம். இது நேற்று முளைத்த வித்தை அல்ல. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் கார்பெட்டும் ஜான் ஆண்டர்சனும் 1990-களின் நடுவில் ஒரு முறையை வெளியிட்டார்கள். மாணவர் ஒரு திறனைக் கற்றுவிட்டாரா இல்லையா என்பது நம் கண்ணுக்குத் தெரியாது, தெரிவது அவர் எழுதிய விடை மட்டுமே, அந்த விடைகளைக் கொண்டு உள்ளே இருக்கும் அறிவை மதிப்பிடலாம் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட அடிப்படை. அதற்கு நான்கே எண்கள் போதும் என்றார்கள். பாடம் தொடங்கும் முன்பே அந்தத் திறன் தெரிந்திருக்க எவ்வளவு வாய்ப்பு, ஒவ்வொரு பயிற்சியிலும் புதிதாகக் கற்றுக்கொள்ள எவ்வளவு வாய்ப்பு, தெரிந்திருந்தும் கவனக்குறைவால் தவறாக எழுத எவ்வளவு வாய்ப்பு, தெரியாமலே குருட்டாம்போக்கில் சரியாக எழுத எவ்வளவு வாய்ப்பு.

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பின்னக் கூட்டல் செய்கிறது என்று வையுங்கள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளைகளை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மேலே உள்ளதை மேலோடும் கீழே உள்ளதைக் கீழோடும் கூட்டிவிடுவார்கள். இந்தத் திறன் பிள்ளைக்குத் தெரிந்திருக்க 40 சதவீத வாய்ப்பு என்று தொடங்குவோம். தெரிந்தும் தவறு செய்ய 10 சதவீதம். வினா நான்கு விருப்பங்கள் கொண்டது, ஆகவே தெரியாமலே சரியாகத் தொட்டுவிட 25 சதவீதம். பிள்ளை சரியான விடையைத் தேர்ந்தால் கணக்கு 40-லிருந்து சுமார் 71 சதவீதத்துக்கு ஏறும். தவறாகத் தேர்ந்தால் சுமார் 8 சதவீதத்துக்கு இறங்கும். இப்படி வினாவுக்கு வினா ஏறி இறங்கி 95 சதவீதத்தைத் தொட்டதும் 'இந்தத் திறன் வந்துவிட்டது' என்று மென்பொருள் அடுத்த பாடத்துக்கு நகர்த்தும். 2015-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதே வேலைக்கு நரம்பு வலையமைப்புகள் என்ற இயந்திரக் கற்றல் முறையைப் பயன்படுத்திக் காட்டினார்கள். அதன் பிறகு கணக்கு இன்னும் சிக்கலாயிற்று, ஆனால் கையாளும் பொருள் இன்றும் அதுதான்: பிள்ளை தானே எழுதிய விடை.

இதிலும் ஓட்டைகள் உண்டு, அவற்றை மறைக்க மாட்டேன். வீட்டில் ஒரே கைப்பேசி, தம்பிக்கு வந்த பயிற்சியை அக்கா போட்டுக்கொடுத்தால் மென்பொருளுக்குத் தெரியாது. குறிப்பு கேட்கும் பொத்தானை விடை வெளிவரும்வரை அழுத்திக்கொண்டே இருக்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. ரையன் பேக்கர் என்ற ஆய்வாளர் 2004-லேயே இந்தப் பழக்கத்தை விரிவாக ஆராய்ந்து, இப்படிச் செய்யும் மாணவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகக் கற்கிறார்கள் என்று காட்டினார். வினாவின் தமிழ் புரியாமல் தவறிழைத்தவரையும் கணக்குத் தெரியாமல் தவறிழைத்தவரையும் எந்த எண்ணும் தானாகப் பிரித்துக் காட்டாது. அதற்கு ஆசிரியர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, 'எப்படிப்பா இந்த விடை வந்தது, சொல்லு' என்று கேட்க வேண்டும்.

ஆனாலும் இந்தக் கணிப்பில் நான் மதிக்கும் ஒரு குணம் இருக்கிறது. இதைச் சரிபார்க்க முடியும். 'இந்தப் பிள்ளைக்குப் பின்னம் வராது' என்று மென்பொருள் சொன்னால், நாளைக் காலை கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதிப் பார்த்துவிடலாம். பிள்ளை போட்டுக் காட்டிவிட்டால் மென்பொருள் சொன்னது தவறு, அவ்வளவுதான். மறுத்துப் பேசும் வழி பிள்ளையின் கையிலேயே இருக்கிறது. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் நம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பித்ததை அறிவீர்கள். அரும்பில் இருக்கும் பிள்ளை மொட்டுக்குப் போகும் என்று எதிர்பார்த்துத்தான் அந்தப் பிரிவு. நகரக்கூடிய மதிப்பீடு பிள்ளைக்குத் துணை. நகராமல் நெற்றியில் ஒட்டிக்கொள்ளும் மதிப்பீடுதான் கேடு செய்யும்.

அப்படி ஒட்டிக்கொண்டதற்கு எடுத்துக்காட்டு இருக்கிறது. 2020-இல் கொரோனாவால் இங்கிலாந்தில் பள்ளி இறுதித் தேர்வுகள் நடக்கவில்லை. அங்குள்ள தேர்வு ஒழுங்குமுறை அமைப்பு ஒரு கணக்கீட்டு முறையால் மதிப்பெண் தரம் போட்டது. பள்ளியின் முந்தைய ஆண்டுகளின் தேர்ச்சியையும் அது கணக்கில் எடுத்தது. ஆசிரியர்கள் மதிப்பிட்டுக் கொடுத்த தரங்களில் 40 சதவீதத்துக்கு நெருக்கமானவை கீழே இறக்கப்பட்டன. எண்ணிக்கை குறைந்த வகுப்புகளுக்கு ஆசிரியரின் மதிப்பீடே பெரும்பாலும் ஏற்கப்பட்டதால், சிறு வகுப்புகள் உள்ள தனியார் பள்ளிகளுக்கு அது சாதகமாயிற்று. சாதாரணப் பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளை தன் பள்ளியின் பழைய ரிசல்ட்டுக்காகத் தண்டிக்கப்பட்டது. மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். ஆகஸ்ட் 17 அன்று அரசு அதைக் கைவிட்டு ஆசிரியர் மதிப்பீட்டுக்குத் திரும்பியது. அந்தப் பிள்ளைகள் தேர்வு எழுதித் தங்களை நிரூபிக்க வழியில்லாமல் போன ஆண்டில், சரிபார்க்க முடியாத ஒரு கணிப்பைத் தீர்ப்பாக்கினார்கள். அதில்தான் எல்லாம் கெட்டது.

இடைநிற்றல் கணிப்பிலும் இதே பாடம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பள்ளிப் படிப்பை உரிய காலத்தில் முடிக்க மாட்டார்கள் என்று மாணவர்களை அடையாளம் காட்டும் ஓர் அமைப்பு பத்தாண்டுக்கும் மேலாக இயங்கியது. 'முடிக்க மாட்டார்' என்று அது சொன்னவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் உரிய காலத்தில் படிப்பை முடித்தார்கள் என்று 2023-இல் வெளியான ஒரு பத்திரிகைப் புலனாய்வு காட்டியது. கறுப்பின, ஹிஸ்பானிய மாணவர்கள் மீதே அந்தப் பொய் எச்சரிக்கை அதிகமாக விழுந்தது. நம் பக்கத்து மாநிலமான ஆந்திராவும் மைக்ரோசாஃப்ட்டோடு சேர்ந்து இடைநிற்றலைக் கணிக்கும் முயற்சியை ஏற்கெனவே செய்திருக்கிறது. இத்தகைய பட்டியல் உங்கள் கைக்கு வந்தால் அதைக் கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு ஆசிரியர் ஒரு நடை போய்வர அது பயன்பட்டால் நல்லது. 'எப்படியும் நிற்கப்போகிற பிள்ளை' என்று பின்பெஞ்சுக்குத் தள்ள அது பயன்பட்டால், பட்டியல் சொன்னது பலித்தே தீரும்.

இனி முகத்துக்கு வருகிறேன். இந்த மடலை எழுதியதே இதற்காகத்தான்.

முகத்தைப் பார்த்தால் மனம் தெரியும் என்ற எண்ணத்துக்கு அறிவியல் முத்திரை கிடைத்தது பால் எக்மன் என்ற அமெரிக்க உளவியலாளரின் ஆய்வுகளால். 1960-களின் இறுதியில் அவர் பப்புவா நியூ கினியின் ஃபோரே மக்களிடம் புகைப்படங்களைக் காட்டி, ஒரு சிறு கதையைச் சொல்லி, எந்த முகம் பொருந்தும் என்று கேட்டார். மகிழ்ச்சி, துயரம், கோபம், அச்சம், அருவருப்பு, வியப்பு ஆகிய ஆறு உணர்ச்சிகளுக்கும் உலகம் முழுவதும் ஒரே முகக்குறிகள்தான் என்ற கருத்து அங்கிருந்து பரவியது. இன்று உங்களிடம் விற்கப்படும் மென்பொருள்கள் பெரும்பாலும் இந்த ஆறையோ, இவற்றோடு ஒன்றிரண்டு சேர்த்தோதான் பட்டியல் போடுகின்றன.

2019-இல் உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் வேறு நான்கு அறிஞர்களும் இந்தத் துறையில் வெளியான ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்து ஒரு நீண்ட மதிப்பீட்டை வெளியிட்டார்கள். கோபம் வந்தவர்கள் முகத்தைக் கடுத்துக்கொள்வது சுமார் 30 சதவீத வேளைகளில்தான் என்று அதில் சொன்னார்கள். மற்ற நேரங்களில் கோபம் கொண்டவர் சிரிக்கலாம், அழலாம், ஒன்றுமே காட்டாமல் இருக்கலாம். அதே கடுத்த முகம் கோபமே இல்லாதபோதும் வரும். கூர்ந்து யோசிக்கும்போது வரும், வெயில் கண்ணில் அடிக்கும்போது வரும், வயிற்றைப் புரட்டும்போதும் வரும். முகத்தசை அசைவதைக் கேமரா நன்றாகவே பிடித்துவிடும். அந்த அசைவு என்ன உணர்ச்சி என்று சொல்லுமிடத்தில்தான் அறிவியல் இல்லை.

மென்பொருள் எதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது என்று கேட்டுப் பாருங்கள். இத்துறையில் படிப்பவர்கள் பலரும் முதலில் கையாளும் தொகுப்பு ஒன்று இருக்கிறது. 2013-இல் ஒரு போட்டிக்காக உருவானது. அதில் 35,887 முகப் படங்கள், ஒவ்வொன்றும் 48-க்கு 48 புள்ளிகள் கொண்ட சிறு கறுப்பு வெள்ளைப் படம். உணர்ச்சிச் சொற்களை கூகுளில் தேடி எடுத்தவை. ஒவ்வொரு படத்துக்கும் 'கோபம்', 'துயரம்' என்று பெயர் குத்தியிருக்கிறார்கள். படத்தில் இருப்பவரிடம் 'அப்போது என்ன உணர்ந்தீர்கள்' என்று யாரும் கேட்கவில்லை. மனிதர்களிடமே இந்தப் படங்களைக் காட்டி உணர்ச்சியைச் சொல்லச் சொன்னபோது, குத்திய பெயரோடு ஒத்துப்போனது சுமார் 65 சதவீதம்தான். ஆக, விற்பவர் தம் மென்பொருள் '95 சதவீதத் துல்லியம்' என்று சொன்னால், எதோடு ஒப்பிட்டு என்று கேளுங்கள். பெயர் குத்தியவரின் ஊகத்தோடு ஒத்துப்போனது என்பதே விடையாக வரும். பிள்ளையின் மனதோடு அது ஒருபோதும் ஒப்பிடப்படவில்லை, ஒப்பிடவும் வழியில்லை.

பின்னக் கணக்கிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது என்று இப்போது விளங்கும். 'உனக்குப் பின்னம் தெரியாது' என்றால் பிள்ளை போட்டுக் காட்டும். 'நீ சலிப்பாக இருக்கிறாய்' என்று திரை சொன்னால் பிள்ளை எதைக் காட்டும்? 'இல்லை சார், கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்' என்று சொல்லலாம். ஓர் எண்ணுக்கு எதிரே ஒரு பிள்ளையின் சொல் நம் பள்ளிகளில் எவ்வளவு எடைபெறும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒரு பள்ளியில் இப்படியொரு டெமோ நடந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். எட்டாம் வகுப்பு. மனக்கணக்கு ஒன்றைக் கொடுத்திருந்தார் ஆசிரியர். இரண்டாம் வரிசையில் ஒரு மாணவி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். திரையில் அவள் முகத்தைச் சுற்றி விழுந்த கட்டம் சிவப்பாகி 'கவனமில்லை' என்று காட்டியது. வகுப்பிலேயே முதலில் கையைத் தூக்கியவள் அவள்தான், விடையும் சரி. கணக்குப் போடும் மனிதர் மேலே பார்ப்பார், கண்ணை மூடுவார், விரலை மடக்குவார். மேசையைப் பார்த்துக் குனிந்தபடியே பாடத்தை முழுக்க வாங்கிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு நான் கற்பித்திருக்கிறேன். பெரியவர் பேசும்போது நேருக்கு நேர் கண்ணைப் பார்க்கக் கூடாது என்று வீட்டில் வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நம் ஊரில் இன்றும் ஏராளம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கண்ணோடு கண் பார்ப்பதே வேதனை. காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளையின் முகம் சலித்த முகம் போலவே இருக்கும். காலை உணவுத் திட்டம் தொடங்கிய பிறகு முதல் பாடவேளையின் முகங்கள் எப்படி மாறின என்று தொடக்கப் பள்ளி ஆசிரியர் எவரையும் கேளுங்கள். அந்த மாற்றத்துக்கு வேண்டியிருந்தது உப்புமாவும் கிச்சடியும்.

நிறமும் இதில் வருகிறது. முகம் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களை ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற ஆய்வாளர்கள் 2018-இல் சோதித்தார்கள். வெள்ளை நிற ஆண்களிடம் அவற்றின் பிழை 1 சதவீதத்துக்கும் கீழே. கறுத்த நிறப் பெண்களிடம் ஒரு மென்பொருளின் பிழை 34.7 சதவீதம். அதே ஆண்டில் லாரன் ரூ என்பவர் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களின் படங்களைக் கொண்டு உணர்ச்சி மென்பொருள்களைச் சோதித்தபோது, கறுப்பின வீரர்களின் முகத்தில் கோபம் முதலான எதிர்மறை உணர்ச்சிகளை அவை கூடுதலாகக் கண்டன. நம் வகுப்பறைகளின் முகங்கள் என்ன நிறம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே நிறத்துக்காகவும் சாதிக்காகவும் 'முரட்டுப் பயல்' என்று பெயர் வாங்கிய பிள்ளைக்கு, மென்பொருளும் 'கோபம்' என்று சான்று கொடுத்தால் அந்தப் பிள்ளை எங்கே போய் முறையிடும்?

இதையெல்லாம் செய்து பார்த்த பள்ளிகள் இருக்கின்றன. சீனாவின் ஹாங்ஜோ நகரில் ஒரு பள்ளி 2018-இல் கரும்பலகைக்கு மேலே கேமராக்களைப் பொருத்தி, 30 விநாடிக்கு ஒருமுறை மாணவர் முகங்களை அலசியது. படிக்கிறாரா, எழுதுகிறாரா, மேசையில் சாய்ந்திருக்கிறாரா என்பதோடு மகிழ்ச்சி, கோபம், அச்சம் முதலானவையும் பதிவாயின. மறு ஆண்டில் அதே மாகாணத்தின் ஜின்ஹுவாவில் ஒரு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் தலையில் மூளை மின்னலைகளைப் பதியும் பட்டையை மாட்டினார்கள். பட்டையின் விளக்கு நிறம் மாறி, பிள்ளை கவனிக்கிறதா இல்லையா என்று காட்டும். கவனப் புள்ளிகள் ஆசிரியர் கணினிக்குப் போயின, பெற்றோருக்கும் போயின. காணொளி வெளியாகி எதிர்ப்புக் கிளம்பியதும் உள்ளூர்க் கல்வித் துறை அதை நிறுத்தியது. கண்காணிப்புக்குப் பழகிப்போன நாடு என்று நாம் நினைக்கும் இடத்திலேயே பெற்றோர் பொறுக்கவில்லை.

கேமரா பார்க்கிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் செய்யப்போவது ஒன்றுதான். கவனிப்பது போன்ற முகத்தைப் பழகிக்கொள்வார்கள். இன்ஸ்பெக்ஷன் நாளில் நாம் எல்லோரும் பார்த்த முகம் அது. அதை ஆண்டு முழுக்க அணியச் சொல்கிறது இந்த மென்பொருள். அதைவிடப் பெரிய இழப்பு, குழம்பும் சுதந்திரம் போய்விடுவது. சிட்னி டிமெல்லோ, ஆர்ட் கிரேசர் முதலானோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வின் தலைப்பே குழப்பம் கற்றலுக்கு நன்மை தரலாம் என்பதுதான். வேண்டுமென்றே முரணான விளக்கங்களைக் கொடுத்து மாணவர்களைக் குழப்பிய பிறகு, அந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பாடுபட்டவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். நல்ல கணக்கு ஒன்றைக் கொடுத்தால் வகுப்பு முழுதும் புருவத்தை நெரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். என் ஆசிரியப் பணியின் மிகச் சிறந்த நிமிடங்கள் அவை. மென்பொருள் காட்டும் டேஷ்போர்டுத் திரையில் அந்த நிமிடங்கள் சிவப்பாகத் தெரியும். சிவப்பைக் குறைக்கச் சொல்லி நிர்வாகம் கேட்டால் ஆசிரியர் என்ன செய்வார்? எளிய கணக்காகக் கொடுப்பார், கதை சொல்லிச் சிரிக்க வைப்பார். முகங்கள் எல்லாம் பச்சையாகும், பாடம் போய்விடும்.

விற்பவர்கள் கடைசியாக எடுக்கும் ஆயுதம் மாணவர் தற்கொலை. 'மனச்சோர்வை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடும்' என்பார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்த எண்ணைக் கேட்டு எந்தத் தாளாளரின் மனமும் பதறும், பதற வேண்டும். அந்தப் பதற்றத்தின் மேல் வியாபாரம் நடக்கும்போது நிதானமாக ஒரு கணக்குப் போடுங்கள். உங்கள் பள்ளியில் 1,000 பிள்ளைகள். அவர்களில் 20 பேர் உண்மையிலேயே கடும் மனவேதனையில் இருக்கிறார்கள் என்று வைப்போம். மென்பொருள் 90 சதவீதம் சரியாகச் சொல்லும் என்று, நடக்காத ஒன்றை, ஒத்துக்கொள்வோம். அந்த 20 பேரில் 18 பேரைக் காட்டும், 2 பேரை விட்டுவிடும். மீதி 980 பேரில் பத்தில் ஒருவரை, அதாவது 98 பேரை, தவறாகக் காட்டும். ஆக 116 பேர் பட்டியல், அதில் 98 பேர் மேல் பொய்யான முத்திரை. விடுபட்ட 2 பேரை 'மென்பொருள் ஒன்றும் சொல்லவில்லையே' என்று யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான் அதிகம் அஞ்சுவது அந்த இருவருக்காக.

அந்தப் பணத்தில் ஒரு மனநல ஆலோசகரை நியமியுங்கள். வாரம் இரண்டு நாளாவது கதவு திறந்திருக்கும் ஓர் அறையைக் கொடுங்கள். 14417 என்ற நம் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்ணையும், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள். யாரும் பார்க்காத இடத்தில் நின்று படிக்கப் பிள்ளைக்கு வாய்ப்பு வேண்டும்.

'ஓர் ஆசிரியர் அறுபது பேரை எப்படிக் கவனிப்பார்' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு 30 பேருக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்று சொல்கிறது. அறுபது பேரை ஓர் அறையில் அடைத்துவிட்டு, அதனால் வந்த குறையைக் கேமராவால் ஈடுகட்டப் பார்ப்பது முறையல்ல. பள்ளி விவரங்களை ஏற்றும் எமிஸ் இணையதளப் பதிவுகளிலேயே பாதி நாள் போகிறது என்று ஆசிரியர்கள் நெடுங்காலமாகக் குமுறுகிறார்கள். அவர்கள் கண் பிள்ளைகளை விட்டு இன்னொரு திரைக்குப் போக வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், கல்வி நிலையங்களிலும் பணியிடங்களிலும் ஒருவரின் உணர்ச்சியை அனுமானிக்கும் அமைப்புகளை 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருக்கிறது. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் முகப் பகுப்பாய்வுச் சேவையிலிருந்து உணர்ச்சியைச் சொல்லும் வசதியை விலக்கிக்கொள்வதாக 2022 ஜூனிலேயே அறிவித்துவிட்டது. அங்கே கதவடைக்கப்பட்ட சரக்கு எந்தச் சந்தையைத் தேடும் என்று யோசியுங்கள்.

நம் நாட்டின் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, பிரிவு 9, பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களைத் தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்கள் நடத்தையைக் கண்காணிப்பதையும் தடுக்க வகைசெய்கிறது. ஆனால் 2025 நவம்பரில் வெளியான விதிகள் கல்வி நிலையங்களுக்கு, கல்விச் செயல்பாடுகளுக்காகவும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும், இதிலிருந்து விலக்குத் தருகின்றன. அந்த விலக்கைக் காட்டித்தான் 'சட்டச் சிக்கல் ஒன்றுமில்லை சார்' என்று உங்களிடம் சொல்வார்கள். வருகைப் பதிவும் மதிப்பெண் பதிவும் முடங்கிவிடாமல் இருக்க அப்படியொரு விலக்குத் தேவைதான். முகத்தைப் பார்த்து மனதை எழுதிவைப்பதைக் கல்விச் செயல்பாடு என்ற கணக்கில் சேர்ப்பீர்களா என்ற முடிவைச் சட்டம் இப்போதைக்கு உங்கள் கையில் விட்டிருக்கிறது. தமிழ்நாடு அரசு 2020-லேயே பாதுகாப்பான, அறநெறிக்குட்பட்ட செயற்கை நுண்ணறிவுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. அரசு அமைப்புகள் இத்தகைய மென்பொருளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் முன் அதன் நியாயம், தனியுரிமை, வெளிப்படைத்தன்மை ஆகியவற்றை மதிப்பிட வேண்டும் என்பது அதன் சாரம். அதை எடுத்துப் படியுங்கள், தனியார் பள்ளியும் அந்த அளவுகோலைக் கையில் எடுக்கத் தடையேதும் இல்லை.

கற்றலைக் கணிக்கும் மென்பொருளை வாங்குவதென்றால், கையெழுத்திடும் முன் சிலவற்றை எழுத்தில் வாங்குங்கள். அது 'பின்தங்குவார்' என்று சொன்ன நூறு பேரில் எத்தனை பேர் உண்மையில் பின்தங்கினார்கள், அதைத் தமிழ்வழிப் பிள்ளைகளிடம் சோதித்தார்களா என்று கேளுங்கள். பிள்ளையும் பெற்றோரும் தங்களைப் பற்றிய கணிப்பைப் பார்க்கவும், 'தவறு' என்று சொல்லித் திருத்தவும் வழி இருக்க வேண்டும். அந்த எண் மாற்றுச் சான்றிதழிலோ, பிரிவு ஒதுக்குவதிலோ, பதினொன்றாம் வகுப்பில் குரூப் கொடுப்பதிலோ நுழையவே கூடாது. ஆண்டு முடிந்ததும் தரவை அழிக்க வேண்டும், வேறு யாருக்கும் தரக் கூடாது. 'இது எங்கள் தொழில் ரகசியம்' என்று எந்தக் கேள்விக்காவது விடை வந்தால் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.

கேமராவை ஏற்கெனவே பொருத்திவிட்ட தாளாளர்கள் இதைப் படிக்கக்கூடும். பாதுகாப்புக்காக வராந்தாவிலும் வாசலிலும் இருக்கும் கேமராக்களைப் பற்றி நான் பேசவில்லை. வகுப்பறைக்குள் முகத்தை அலசும் பகுதியை நிறுத்தச் சொல்லி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். இதுவரை சேர்ந்த முகப் பதிவுகளை அழித்துவிட்டதாக எழுத்தில் உறுதி வாங்குங்கள். அதன் நகலைப் பெற்றோர் ஆசிரியர் கழகத்திடம் கொடுங்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தின் பொருள் நிரலில் இதை ஒரு தனிப் பொருளாகச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களில் சிலரையும் அழைத்துப் பேசச் சொல்லுங்கள். அழைத்தால் நானும் வருகிறேன். மென்பொருள் விற்பவர்களும் வரட்டும், எல்லோர் முன்னிலையிலும் இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்